கலந்துரையாடற் குழுக்களில் எரிதம்: வரும் வழியும் தடுக்கும் வழியும்

தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் – இணையம், மின்னஞ்சல் ஆகிய பாடப்பகுதிகளுக்கான மேலதிக விளக்கம்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த உங்களுக்குப் பிரட்டுக்களத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் எல்லோரும் கூடும் இடம் அது. இன்று யார் எந்த மலையில் கொழுந்து எடுப்பது என்பது அங்கேதான் சொல்லப்படும். அந்த நேரத்தில் புடவை வியாபாரி ஒருவர் நடுவில் நின்று தன் சரக்கைக் கூவினால் ஒரு நாள் பொறுத்துக்கொள்வார்கள். நாள்தோறும் நாற்பது வியாபாரிகள் வந்து கூவினால் எந்த மலை என்பது எவர் காதிலும் விழாது. வியாபாரிக்கு அதனால் நட்டமில்லை. வேலைக்கு வந்தவருக்கே நட்டம்.

இணையத்தில் பலர் கூடிப் பேசும் குழுக்களிலும் இதுவே நடக்கிறது. கேட்காதவர்களுக்கு, ஒரே செய்தியை, பெருந்தொகையாக அனுப்புவதே எரிதம் எனப்படும். ஸ்பாம் என்றும் வேண்டாத அஞ்சல் என்றும் இதனைக் குறிப்பிடுவர். இந்த மூன்று பண்புகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரம் எல்லாமே எரிதம் அல்ல. நீங்களே விரும்பிப் பெயர் கொடுத்த புத்தகக்கடை அனுப்பும் விலைப்பட்டியல் எரிதம் ஆகாது. மறுபக்கத்தில், பணம் எதுவும் கேட்காத ஒரு பக்திச் செய்தியும், “இதைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் தீங்கு வரும்” என்ற வரியோடு குழு குழுவாகச் சுற்றினால் எரிதமே. உள்ளடக்கத்தை விட, கேட்டுப் பெற்றதா, எத்தனை பேருக்குப் போகிறது என்பவையே இங்கு முக்கியம்.

பெயர் வந்த கதை சுவையானது. ஸ்பாம் என்பது அமெரிக்காவில் 1937இல் விற்பனைக்கு வந்த தகர இறைச்சி ஒன்றின் பெயர். 1970இல் பிபிசி தொலைக்காட்சியின் மொண்டி பைத்தன் நகைச்சுவை நிகழ்ச்சியில், சாப்பாட்டுக் கடை ஒன்றின் ஏறத்தாழ எல்லா உணவிலும் அந்த இறைச்சியே கலந்திருப்பதாகவும், அங்கிருந்தவர்கள் அந்தப் பெயரையே திரும்பத் திரும்பப் பாடிப் பிறர் பேச்சைக் கேட்கவிடாமல் செய்வதாகவும் காட்டினார்கள். பிறர் பேச்சை மூடிவிடும் வெற்றுச் சத்தம் என்ற பொருளில் இணையப் பயனர்கள் அச்சொல்லை எடுத்துக்கொண்டனர். (இக்கதை பரீட்சைக்கு வேண்டியதில்லை, ஆனால் வரைவிலக்கணம் மறக்காமலிருக்க உதவும்.)

எரிதம் இணையத்தை விட மூத்தது எனலாம். 1978 மே மாதத்தில், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பில், டிஜிட்டல் எக்குவிப்மன்ட் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் கெரி தேர்க் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பர மடலை அனுப்பினார். கண்டனம் எழுந்தது. ஆனாலும் கணினிகள் சில விற்கவும் செய்தன. எரிதம் இன்றுவரை நிற்காததன் காரணம் இதற்குள்ளேயே இருக்கிறது: அனுப்பச் செலவு மிகக் குறைவு, ஆயிரத்தில் ஒருவர் ஏமாந்தாலும் இலாபம்.

கலந்துரையாடற் குழுக்களை உலுக்கிய நிகழ்ச்சி 1994 ஏப்ரல் 12இல் நடந்தது. அப்போது யூஸ்நெட் என்ற முறை இருந்தது. அறிவியல், சமையல், இசை, நாடுகள், மொழிகள் என ஆயிரக்கணக்கான தலைப்புகளில் அங்கே செய்திக்குழுக்கள் இயங்கின. இலங்கை பற்றியும் தமிழ் பற்றியும் பேசும் குழுக்களும் இருந்தன. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தைச் சேர்ந்த லாரன்ஸ் கான்டர், மார்த்தா சீகல் என்ற சட்டத்தரணித் தம்பதியர், கிரீன் கார்ட் எனப்படும் அமெரிக்க வதிவிட அனுமதிக் குலுக்கலுக்கு விண்ணப்பிக்க உதவுவதாக ஒரு விளம்பரத்தை 5,000க்கும் மேற்பட்ட செய்திக்குழுக்களில் போட்டனர்.

இவ்விடத்தில் ஒரு தொழினுட்ப வேறுபாட்டைக் கவனியுங்கள். யூஸ்நெட்டில் ஒரு மடலைப் பல குழுக்களுக்கு ஒன்றாகக் குறித்து அனுப்ப முடியும். அப்படிச் செய்தால் சேவையகத்தில் ஒரே பிரதிதான் சேமிக்கப்படும். ஒரு குழுவில் வாசித்தவருக்கு மற்றக் குழுவில் மறுபடி காட்டப்படாது. கான்டரும் சீகலும் அவ்வாறு செய்யவில்லை. சிறு செய்நிரல் ஒன்றைக் கொண்டு ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனி மடலாக அனுப்பினர். எனவே பத்துக் குழுக்களை வாசித்தவர் பத்துத் தடவை அதே விளம்பரத்தைக் கண்டார். கோபமடைந்தவர்கள் அனுப்பிய முறைப்பாட்டு மடல்களின் சுமையால் அத்தம்பதியருக்கு இணைய இணைப்பு வழங்கிய நிறுவனத்தின் கணினியே செயலிழந்தது. நோர்வே நாட்டைச் சேர்ந்த ஆர்ண்ட் குல்பிரான்சன் என்பவர், அவர்களின் மடல்களைத் தானாகத் தேடி நீக்கும் செய்நிரல் ஒன்றை எழுதினார். எரிதத்துக்கு எதிரான தன்னியக்கக் கருவிகளுள் இது முற்பட்ட ஒன்று. ஆனால், அந்தச் சட்டத்தரணிகள் வருந்தவில்லை. அதே ஆண்டில் இணையத்தில் விளம்பரம் செய்து பணம் சேர்ப்பது எப்படி என்று புத்தகமும் எழுதி வெளியிட்டார்கள்!

யூஸ்நெட்டின் பிற்கதை வருத்தமானது. நல்ல பேச்சை நாடியவர்கள் எரிதத்தைத் தாங்காமல் ஒவ்வொருவராக வெளியேறினர். பழைய மடல்களைப் பாதுகாத்துவந்த கூகுள் நிறுவனமும், எரிதம் பெருகியதை ஒரு காரணமாகக் காட்டி, 2024 பெப்ரவரி 22 முதல் தன் குழுக்கள் சேவையில் யூஸ்நெட்டுக்குப் புதிய மடல்களை ஏற்பதை நிறுத்தியது. பழையவை மட்டும் வாசிக்கக் கிடைக்கின்றன. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் போன பழைய மஸ்கெலியா நகரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோயிலின் மிச்சங்கள் தலைகாட்டும். போய்ப் பார்க்கலாம், ஆனால் அங்கே யாரும் குடியிருப்பதில்லை.

இனி நம் கைக்கு எட்டிய உதாரணத்துக்கு வருவோம். 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஆசிரியர்கள் பலர் வாட்ஸ்அப் குழுக்களின் வழியே பாடங்களை அனுப்பினார்கள். அந்தப் பழக்கம் பின்னரும் தொடர்ந்தது. மஸ்கெலியாவைச் சூழ்ந்த தோட்டங்களில் ஒரு வீட்டில் ஒரு கைபேசிதான் இருக்கும். அதுவும் அம்மாவுடையதோ அண்ணனுடையதோ. லயத்துக்குள் சிக்னல் கிடைக்காமல் மேட்டுக்கு ஏற வேண்டியவரும் உண்டு. டேட்டா கார்ட்டுக்குப் போட்ட பணம் கொழுந்து எடுத்த பணம். அந்த டேட்டாவில் “50 ஜிபி இலவசம், இந்த இணைப்பை அழுத்தவும்” என்ற செய்தியும், அதிர்ஷ்டக் குலுக்கலும், யாரோ ஒருவரின் காணொளியும் இறங்கும்போது, ஆசிரியர் அனுப்பிய கணித வினாத்தாள் அவற்றுக்கடியில் போய்விடுகிறது. பரீட்சை நேரமாற்றம் பற்றிய அறிவித்தல் அப்படி மூடுண்டு போனால் என்ன ஆகும் என்று எண்ணிப்பாருங்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. “வெளிநாட்டில் வீட்டுவேலை, கைநிறையச் சம்பளம், பதிவுக்கட்டணத்தை மட்டும் இன்றே அனுப்பவும்” என்று வகுப்புக் குழுவில் வந்து விழும் செய்தியை நீங்கள் கடந்துவிடலாம். கைபேசியின் சொந்தக்காரியான அம்மா கடக்கமாட்டார். “பிள்ளைகளின் ஸ்கூல் குரூப்பில் வந்தது” என்பதனாலேயே அவருக்கு அது நம்பகமாகத் தோன்றும். குழுவுக்குள் இருக்கும் நம்பிக்கையைக் கடன் வாங்குவதுதான் எரிதம் அனுப்புபவரின் தந்திரம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் பெற்ற முகவரா என்று பணியகத்திலேயே விசாரிக்காமல் ஒரு சதமும் அனுப்பக்கூடாது என்பதை வீட்டில் எடுத்துச் சொல்வது உங்கள் வேலை. ஆள் சேர்க்கச் சேர்க்கப் பணம் தருவதாகச் சொல்லும் பிரமிட் திட்டங்களும் இவ்வழியே பரவுகின்றன. அவை இலங்கையில் வங்கிச் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்டவை.

தடுப்பது எப்படி? முதலாவது வழி வாசலிலேயே நிறுத்துவது. குழுவின் இணைப்பு முகவரியைப் பொது இடத்தில் போட்டால் எவரும் நுழையலாம். எனவே நிருவாகியின் ஒப்புதல் பெற்றே சேரும்படி அமைக்க வேண்டும். இணையத்தளங்களில் கோணலான எழுத்துகளைக் காட்டித் தட்டச்சுச் செய்யச் சொல்வதை நீங்கள் கண்டிருக்கலாம். கெப்ச்சா எனப்படும் இம்முறை, சேர வருவது மனிதரா அல்லது தானாக இயங்கும் செய்நிரலா என்று சோதிக்கிறது. இன்று அத்தகைய சோதனைகளைக் கணினிகளும் தேறிவிடுகின்றன என்பது வேறு விடயம்.

இரண்டாவது, மட்டுறுத்தல். செய்தி குழுவுக்குப் போகுமுன் ஒருவர் வாசித்து அனுமதிப்பது இது. 2000களில் யாஹூ குழுமங்களில் மரத்தடி போன்ற தமிழ்க் குழுமங்கள் இயங்கிய காலத்தில், மட்டுறுத்துநர் என்ற சொல் தமிழ் இணையத்தில் நன்கு பழகியது. புதிய உறுப்பினரின் முதற் சில மடல்களை மட்டும் பார்த்துவிட்டுப் பின் தாராளமாக விடுவது நடைமுறைக்கு ஏற்ற வழி. எல்லாவற்றையும் பார்க்க முயலும் மட்டுறுத்துநர் ஒரு மாதத்தில் களைத்துவிடுவார். வாட்ஸ்அப்பில் இவ்வாறு முன்கூட்டிப் பார்க்கும் வசதிக்குப் பதிலாக, நிருவாகிகள் மட்டும் செய்தி அனுப்பும் அமைப்பும், பிறர் அனுப்பியதை நிருவாகி நீக்கும் வசதியும் உண்டு.

மூன்றாவது வடிகட்டி. இங்கேதான் உங்கள் கணித பாடம் உதவுகிறது. 2002இல் போல் கிரேயம் என்ற செய்நிரலாளர் எழுதிய கட்டுரைக்குப் பின் நிகழ்தகவு வடிகட்டி பரவலாயிற்று. கற்பனைக் கணக்கொன்றைப் பார்ப்போம்.

ஒரு குழுவின் 100 செய்திகளில் 40 எரிதம், 60 நல்லவை. “இலவசம்” என்ற சொல் 30 எரிதங்களிலும் 3 நல்ல செய்திகளிலும் உள்ளது. அச்சொல் உள்ள ஒரு செய்தி எரிதமாக இருக்கும் நிகழ்தகவு 30/33, அதாவது ஏறத்தாழ 0.91. இப்போது அதிபர், “இலவசப் பாடநூல்கள் நாளை வழங்கப்படும்” என்று அறிவிக்கிறார். ஒரு சொல்லை மட்டும் பார்க்கும் வடிகட்டி அதிபரையே வெளியே தள்ளிவிடும்! நல்ல செய்தியை எரிதம் எனக் கொள்ளும் இப்பிழை, எரிதமொன்றை உள்ளே விடுவதைவிடத் தீமையானது என்பது என் கருத்து.

ஆகவே எல்லாச் சொற்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். “பாடம்” என்பது 2 எரிதங்களிலும் 38 நல்ல செய்திகளிலும் இருப்பதாகக் கொள்வோம். இரு சொற்களும் ஒன்றையொன்று சாராதவை எனக் கொண்டால்,

எரிதத்தின் பக்கம்: 40 × 30/40 × 2/40 = 1.5
நல்லதன் பக்கம்: 60 × 3/60 × 38/60 = 1.9
நிகழ்தகவு: 1.5 / (1.5 + 1.9) = 0.44 (ஏறத்தாழ)

0.91 ஆக இருந்தது 0.44க்கு இறங்கிவிட்டது. அதிபரின் அறிவித்தல் தப்பிக்கொண்டது.

தமிழில் ஒரு சிக்கல் உண்டு. இலவசம், இலவசமாக, இலவசத்தை, இலவசப் என்பன நமக்கு ஒரே சொல், கணினிக்கோ நான்கு. வேர்ச்சொல்லைப் பிரித்தறியாத வடிகட்டியில் எண்ணிக்கை சிதறிப்போகும். மேலே நாம் எல்லா வடிவங்களையும் ஒன்றாகவே எண்ணினோம் என்பதைக் கவனித்தீர்களா?

இவற்றோடு, பரவும் வேகத்தைக் குறைக்கும் முறையும் உண்டு. 2020 ஏப்ரல் மாதத்தில் வாட்ஸ்அப், பல தடவை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே முன்னனுப்பலாம் என்று வரையறுத்தது. அத்தகைய செய்தியில் இரட்டை அம்புக்குறி காணப்படும். அக்குறியைக் கண்டால், அனுப்பியவர் உங்கள் நண்பராக இருந்தாலும் எழுதியவர் அவர் அல்லர் என்று அறிந்துகொள்ளுங்கள். எரிதத்துக்குப் பதில் எழுதித் திட்டுவது பயனற்றது. அவ்விலக்கம் பாவனையில் உள்ளது என்பதை அது உறுதிப்படுத்துவதோடு, குழுவில் இன்னொரு செய்தியையும் கூட்டும். இணைப்பைத் தொடாமல் முறைப்பாடு செய்து, அனுப்பியவரைத் தடைசெய்து, நிருவாகிக்குத் தனியாகத் தெரிவித்தால் போதும்.

சட்டங்களைச் சுருக்கமாக அறிந்திருங்கள். கணினியில் அனுமதியின்றி நுழைதல் முதலியவை 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தில் அடங்கும். சம்மதமின்றி அனுப்பப்படும் செய்திகள் குறித்து 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பேசுகிறது. கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களை அறிவிக்க 2006இல் அமைக்கப்பட்ட இலங்கை சேர்ட் நிறுவனம் உண்டு.

மாதிரி வினா

தரம் 11 மாணவர் 45 பேர் உள்ள குழுவொன்றில் ஒரே நாளில் 60 செய்திகள் வந்தன. அவற்றுள் 48 எரிதம்.
(அ) எரிதம் என்பதை வரையறுக்குக. (2 புள்ளிகள்)
(ஆ) எரிதத்துக்கும் கணினி வைரசுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றைத் தருக. (2 புள்ளிகள்)
(இ) நிருவாகி எடுக்கக்கூடிய நடவடிக்கைகள் இரண்டைக் காரணத்துடன் விளக்குக. (4 புள்ளிகள்)
(ஈ) “இலவசம்” என்ற சொல் 36 எரிதங்களிலும் 4 நல்ல செய்திகளிலும் காணப்பட்டது. அச்சொல் உள்ள செய்தி எரிதமாக இருக்கும் நிகழ்தகவைக் காண்க. (2 புள்ளிகள்)

விடை எழுதும்போது கவனிக்க: (அ) பகுதியில் “தேவையில்லாத செய்தி” என்று மட்டும் எழுதினால் முழுப்புள்ளி எதிர்பார்க்க முடியாது, கேட்காமலும் பெருந்தொகையாகவும் அனுப்பப்படுவது என்பது வர வேண்டும். (ஆ) பகுதியில் பலர் இரண்டும் ஒன்றே என எழுதிவிடுகின்றனர். வைரஸ் என்பது தன்னைப் பிரதிசெய்து பரவும் தீங்கான செய்நிரல். எரிதம் ஒரு செய்தி மட்டுமே, வைரசைச் சுமந்துவரவும் கூடும். (இ) பகுதியில் நடவடிக்கைக்கு ஒரு புள்ளி, காரணத்துக்கு ஒரு புள்ளி எனக் கொண்டு எழுதுங்கள். (ஈ) விடை 36/40, அதாவது 0.9. 36/48 என எழுதுவோர், எரிதங்களுள் அச்சொல் உள்ள பங்கையே கண்டிருக்கின்றனர். வினா கேட்பது அதுவன்று.