இலைச்சாறும் இளமைத் தோலும்: வல்லாரை தரும் பாடம்

தோலின் மூப்பைத் தடுப்பதாகக் கூறப்படும் களிம்புகளில் தேயிலை, வல்லாரை, கற்றாழை, முருங்கை ஆகியவற்றின் இலைச்சாறுகள் இன்று பெரிதும் இடம்பெறுகின்றன. எனினும், ஓர் இலைச்சாறு ஆய்வுக்கூடத்தில் நற்பலன் காட்டுவது வேறு. அது நம்பத்தகுந்த மூலப்பொருளாவது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள படிகளை வல்லாரையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வோம்.

தோல் மூப்படைவது எவ்வாறு?

தோலின் உள்ளடுக்கிலுள்ள கொலாஜன் இழைகள் அதற்கு உறுதியையும், எலாஸ்டின் இழைகள் நெகிழ்வையும் அளிக்கின்றன. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் தோலில் படும்போது, எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் சேர்மங்கள் உண்டாகின்றன. இவற்றின் தூண்டுதலால், கொலாஜனைச் சிதைக்கும் நொதிகள் பெருகுகின்றன. புதிய கொலாஜன் உற்பத்தியும் குறைகிறது. சுருக்கமும் தளர்வும் இதன் விளைவுகளே. ஆகவே, மூப்பைத் தடுக்கும் பொருள் ஆக்சிஜன் சேர்மங்களைத் தணிக்க வேண்டும். அல்லது கொலாஜனைக் காக்கவோ பெருக்கவோ வேண்டும்.

சோதனைக் குழாயின் எல்லை

முதற்கட்ட ஆய்வுகள் எளியவை. டி.பி.பி.எச். என்னும் வேதிப்பொருளின் ஊதாநிறக் கரைசலில் இலைச்சாற்றைச் சேர்த்து, நிறம் மஞ்சளாக மாறும் அளவைக் கணிப்பர். கொலாஜனைச் சிதைக்கும் நொதியைச் சாறு எவ்வளவு தடுக்கிறது என்றும் அளப்பர். ஆனால், இச்சோதனையில் பெரும்பாலும் பயன்படும் நொதி பாக்டீரியாவிலிருந்து பெறப்படுவது; மனிதத் தோலுக்குரியது அன்று.

அடுத்த தடை தோலின் மேலடுக்கு ஆகும். 500 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் அதை எளிதில் கடப்பதில்லை என்பது பொதுவான கணிப்பு. வல்லாரையிலுள்ள ஏசியாட்டிகோசைடின் எடை ஏறத்தாழ 959 டால்டன்; ஏசியாட்டிக் அமிலத்தின் எடை ஏறத்தாழ 489. செல் வளர்ப்பில் இவையிரண்டும் கொலாஜன் உற்பத்தியைத் தூண்டினாலும், தோலின் மேல் பூசும்போது இரண்டும் ஒரே அளவில் உட்புகும் எனக் கொள்ள இயலாது.

மனிதரிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளும் உண்டு. 2008இல் வெளியான ஆய்வொன்றில், வெயிலால் மூப்புற்ற தோலுடைய 20 பெண்களிடம் ஆறு மாதம் களிம்பு சோதிக்கப்பட்டு, முன்னேற்றம் காணப்பட்டது. ஆனால், அக்களிம்பில் வல்லாரையின் மேடகாசோசைடுடன் 5 விழுக்காடு வைட்டமின் சி சேர்ந்திருந்தது. எனவே, பயன் முழுவதையும் வல்லாரைக்கே உரித்தாக்குவது முறையன்று.

எந்தப் பிரமி?

தில்லி உள்ளிட்ட வட இந்தியச் சந்தைகளில் ‘பிரமி’ என்னும் பெயர் இரு செடிகளைக் குறிக்கிறது. ஒன்று வடமொழியில் மண்டூகபர்ணி எனப்படும் வல்லாரை, மற்றொன்று நீர்ப்பிரமி. இரண்டும் வேறுவேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் வேதிப்பொருள்களும் வேறு. மேலும், மண்ணுக்கும் பருவத்திற்கும் ஏற்ப வல்லாரையின் செயற்பொருள் அளவு மாறுபடும். செடியை உறுதிசெய்து செயற்பொருளை அளவிடாத சாற்றில், முந்தைய ஆய்வின் பலனை எதிர்பார்க்க இயலாது.

சட்டமும் பங்கீடும்

1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப்பொருள்கள் சட்டம், தோற்றத்தை மேம்படுத்தும் பொருளையும் நோய் தீர்க்கும் மருந்தையும் வேறுபடுத்துகிறது. 2020ஆம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகள் தவறான எண்ணம் தரும் உரிமைகோரல்களைத் தடை செய்கின்றன. அழகுப்பொருள்களை விலங்குகளிடம் சோதிப்பது 2014இல் தடை செய்யப்பட்டதால், செல் வளர்ப்பும் மனித ஆய்வுமே முக்கியச் சான்றுகளாகின்றன.

மரபறிவைக் காக்க, அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் 2001 முதல் புது தில்லியில் பாரம்பரிய அறிவு எண்ணியல் நூலகத்தை உருவாக்கியது. மஞ்சளால் புண் ஆற்றுவதற்கு வழங்கப்பட்ட அமெரிக்கக் காப்புரிமை, இக்குழுமத்தின் முயற்சியால் 1997இல் நீக்கப்பட்டமை இதற்கு முன்னோடியாகும். எனினும், அந்நூலகத்தில் ஒரு செய்முறை இடம்பெறுவது அதன் பழமைக்குச் சான்றே தவிர, பயனுக்குச் சான்று அன்று.

இலை பறிப்போருக்கு உரிய பங்கு என்ன? உயிரியப் பன்மைச் சட்டம் (2002) பயன்பகிர்வை வகுத்தது. இந்திய நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டவை என 2018இல் உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தமோ, நூல்களில் பதிவான மரபறிவுக்கும் பயிரிடப்பட்ட மூலிகைகளுக்கும் விலக்குகளை அளித்துள்ளது. இதனால் வரப்போரங்களில் வல்லாரை பறிப்போரின் நலன் பெரிதும் கொள்முதல் விலையையே சார்ந்ததாகிறது.

ஆகவே, ஓர் இலைச்சாறு பற்றிய உரிமைகோரலை ஆராயும் மாணவரும் அலுவலரும் நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும்: செடி எது? செயற்பொருளின் அளவு எவ்வளவு? மனிதத் தோலில் சான்று உண்டா? பறித்தவருக்குக் கிடைத்தது என்ன? இவற்றிற்கு விடை கிடைக்கும்போதே, வாங்குவோரின் பணமும் பறிப்போரின் உழைப்பும் வீணாகாமல் காக்கப்படும்.