‘நேங்கே மிஸ்!’ - மாலத்தீவுக்குப் போகும் டீச்சர் தங்கைகளுக்கு அக்காவின் டிப்ஸ்

பி.எட். முடித்து, இங்கே ஒரு மெட்ரிக் பள்ளியில் சில வருடம் காலம் தள்ளிவிட்டு, மாலத்தீவுக்கு ஆர்டர் வாங்கியிருக்கும் தங்கைகளே, உங்களுக்குத்தான் இது. விசா, மெடிக்கல், சர்டிபிகேட் அட்டெஸ்டேஷன் எல்லாம் ஏஜென்ட் சொல்லிவிடுவார். வகுப்புக்குள் என்ன நடக்கும் என்பதை மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள்.

கேள்வி கேட்டால் "நேங்கே மிஸ்" என்று ஒரே பதில் வரும். ‘தெரியாது’ என்கிறார்கள். ஹோம்வொர்க் வராது. டெஸ்டில் பெயரை எழுதிவிட்டு வெள்ளைத்தாளாகக் கொடுப்பார்கள். டியூஷன், ரேங்க், கட்-ஆஃப் என்று ஓடும் பிள்ளைகளையே பார்த்துப் பழகிய நமக்கு இது தாங்காது. முதலில் "எனக்குத்தான் நடத்தத் தெரியலையோ" என்று அழுகை வரும். கொஞ்ச நாளில் அதுவே "இதுங்க உருப்படாது" என்ற கோபமாக மாறும். அந்த இரண்டு முடிவுக்கும் வருவதற்கு முன்னால், இந்த அக்கா சொல்வதைக் கேள்.

1. அந்தப் பிள்ளை போடும் கணக்கைப் புரிந்துகொள்

நம் ஊரில் மார்க் இருந்தால் காலேஜ், காலேஜ் இருந்தால் வேலை என்று ஒரு நம்பிக்கை ஓடுகிறது. அங்கே 1972-ல் தொடங்கிய சுற்றுலாத் தொழில் வேறு ஒரு பாதையைப் போட்டு வைத்திருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்த அண்ணன் ரிசார்ட்டில் வேலை பார்க்கிறான். சம்பளம் போக, மாதாமாதம் சர்வீஸ் சார்ஜில் அவன் பங்கும் கைக்கு வருகிறது. அதைப் பார்த்து வளரும் தம்பியிடம் போய் "படிச்சாத்தான் பொழைக்க முடியும்" என்றால் உன்னை ஏற இறங்கப் பார்ப்பான். அவன் கண்ணெதிரே இருக்கும் உதாரணம் அண்ணன்தான்.

இன்னொன்றும் உண்டு. நாட்டில் சுமார் 1,200 தீவுகள். மக்கள் வாழ்வது 200-க்கும் குறைவான தீவுகளில்தான். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்க எல்லாத் தீவிலும் வசதி இல்லை. தலைநகர் மாலேக்கோ வேறொரு பெரிய தீவுக்கோ போய், சொந்தக்காரர் வீட்டில் ஒண்டிக்கொண்டு படிக்க வேண்டும். நன்றாகப் படித்தால் வீட்டை விட்டுப் போகவேண்டி வரும் என்று பதினைந்து வயசுப் பிள்ளைக்குத் தெரியும். அந்தத் தயக்கத்துக்கு நாம் வைக்கும் பெயர் சோம்பேறித்தனம்.

அதனால் அட்வைஸை மூட்டை கட்டி வை. எந்தப் பிள்ளைக்கு எங்கே தடை என்று பார்ப்பதுதான் உன் வேலை.

2. ‘நேங்கே’யை மூன்றாகப் பிரி

பாடம் பெரும்பாலும் இங்கிலீஷில். வீட்டிலும் விளையாட்டிலும் அவர்கள் தாய்மொழியான திவேஹி. அதனால் ஒரே ‘தெரியாது’க்குப் பின்னால் மூன்று விதமான பிள்ளைகள் ஒளிந்திருப்பார்கள். இங்கிலீஷ் புரியாதவர்கள், கீழ்வகுப்பிலேயே அடிப்படையைத் தவறவிட்டவர்கள், நிஜமாகவே ஆர்வம் இல்லாதவர்கள்.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஒரே கணக்கை இரண்டு விதமாகக் கொடு. முதலில் வாக்கியமாக: ஒரு ஸ்பீட்போட் 3 மணி நேரத்தில் 120 கிலோமீட்டர் போகிறது, வேகம் என்ன? இதை இங்கிலீஷில் எழுதிப் போடு. அடுத்த பக்கத்தில் வெறும் எண்ணாக, 120-ஐ 3-ஆல் வகு. முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதைச் சட்டென்று போடுகிறவனுக்குப் பிரச்சினை மொழி. இரண்டாவதிலும் முழிப்பவனுக்கு வகுத்தலே வரவில்லை. நேற்று போட்டவன் இன்று பேனாவையே எடுக்கவில்லை என்றால் அவன் மூன்றாவது ரகம். செய்து பார், ‘ஆர்வம் இல்லை’ என்று நீ ஒதுக்கி வைத்த பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும்.

மாதிரிக் கணக்கில் ரயிலைக் கொண்டுவராதே. அந்த நாட்டில் ரயிலே கிடையாது. நம் ஊர் கைடில் இருந்து "சென்னையில் புறப்பட்ட ரயில்" கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு போனால், கணக்குக்கு முன்னால் பிளாட்பாரம் என்றால் என்ன என்று பாடம் நடத்த வேண்டியிருக்கும்.

3. மொழித் தடைக்கு: பலகையின் ஒரு மூலை

போர்டின் வலது மூலையில் அன்றைய பாடத்துக்கு வேண்டிய ஏழெட்டு வார்த்தைகளை எழுதிவிடு. பாடம் முடியும்வரை அழிக்காதே. ஒரு புதுக் கருத்தைச் சொன்னதும் இரண்டு நிமிடம் கொடுத்து, "பக்கத்தில் இருப்பவனுக்கு உன் பாஷையில் சொல்லிக் காட்டு" என்று விடு. வகுப்பில் சத்தம் கேட்டால் பதறாதே. அந்தச் சத்தத்தில் உன் பாடமும் இருக்கிறது.

நம் இங்கிலீஷும் அவர்களுக்கு வேகம்தான். யூடியூபில் கேட்டுப் பழகிய உச்சரிப்பு வேறு, நாம் பேசுவது வேறு. நிறுத்திப் பேசு, பேசியதை எழுதிக் காட்டு.

நீயும் நாலு வார்த்தை திவேஹி கற்றுக்கொள். ‘கிஹினே?’ என்றால் எப்படி இருக்கிறாய், ‘ரங்கலு’ என்றால் நன்று, ‘ஷுகுரியா’ என்றால் நன்றி. தப்பாகச் சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வேறு மொழியில் தடுமாறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று மிஸ்ஸைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள்.

4. பாடத்தை ரிசார்ட் பில்லில் கொண்டுபோய் நிறுத்து

சதவீதம் நடத்தும்போது தள்ளுபடி விற்பனைக் கணக்கில் ஆரம்பிக்காதே. போர்டில் ஒரு ரெஸ்டாரன்ட் பில் போடு. சாப்பாடு 100 டாலர். சர்வீஸ் சார்ஜ் 10%. சுற்றுலா ஜி.எஸ்.டி. 17%. "மொத்தம் 127 டாலர், சரியா?" என்று வேண்டுமென்றே கேள்.

கடைசி பெஞ்சில் கையில் முகம் புதைத்திருக்கும் ஒருவன் நிமிர்வான். "இல்ல மிஸ், முதல்ல சர்வீஸ் சார்ஜ், அதுக்கு மேலதான் டாக்ஸ்" என்பான். அவன் அண்ணனோ மாமாவோ எங்கோ வெயிட்டராக இருப்பார். சாக்பீஸை அவனிடம் கொடுத்துவிட்டு நீ ஓரமாக நில். 100-க்கு 10 சேர்ந்து 110. அந்த 110-க்கு 17% என்றால் 18.70. மொத்தம் 128.70. அந்த 1 டாலர் 70 சென்ட் எங்கிருந்து வந்தது என்று வகுப்பே சண்டை போடும். ‘சதவீதத்தை நேரடியாகக் கூட்டக் கூடாது’ என்று நீ தொண்டை வறளக் கத்தினாலும் ஏறாத விஷயம் அந்தச் சண்டையில் ஏறிவிடும்.

அறிவியல் டீச்சர் என்றால் தோணி ஏன் மிதக்கிறது என்று தொடங்கு. புவியியல் என்றால் பவளப்பாறை வாசலிலேயே இருக்கிறது. காமர்ஸ் என்றால் சூரை மீன் பிடித்து வருகிறவரின் வரவு செலவு. ஆனால் எல்லாப் பாடத்தையும் இப்படி இழுக்க முடியாது, முயலவும் வேண்டாம். வாரத்துக்கு ஒன்று போதும்.

5. ஞாயிறு முதல் பீரியடுக்குத் தனி ஏற்பாடு

அங்கே வெள்ளி, சனி விடுமுறை. வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். அன்றைக்கு முதல் பீரியடில் புதுப் பாடம் ஆரம்பிப்பது வீண் வேலை. போர்டில் மூன்று கேள்வி எழுதிவை. ஒரு கேள்வி இரண்டு வகுப்பு கீழே இருந்து, ஒன்று போன வாரத்தில் இருந்து, ஒன்று கொஞ்சம் கடினமானது. "ஒன்றாவது போட்டால் போதும்" என்று சொல். யாராலும் போட முடிகிற ஒரு கேள்வி இருந்தால்தான் நோட்டு திறக்கும். கணக்கு பிறகு வரட்டும், முதலில் நோட்டு திறக்கட்டும்.

6. கை ஓங்காதே, கிண்டலும் வேண்டாம்

அடிக்கும் பேச்சுக்கே இடமில்லை. நம் ஊரிலும் 2009 கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதையும் மனத்தை நோகடிப்பதையும் தடுத்திருக்கிறது. ஆனால் நம் வகுப்பறைகளில் ‘மாடு மேய்க்கத்தான் லாயக்கு’ என்று சொல்வது இன்னும் நாக்கில் ஒட்டியிருக்கிறது. அந்தப் பழக்கத்தைக் கப்பல் ஏற்றிவிடாதே. சின்னத் தீவில் காலையில் நீ சொன்ன சொல், சாயங்காலம் நீ தக்காளி வாங்கப் போகும் கடையில் உனக்காகக் காத்திருக்கும்.

பெற்றோரிடம் பேச வைபர் என்ற மெசேஜ் ஆப்தான் வழி. அங்கே வகுப்புக்கு வகுப்பு வைபர் குரூப் இருக்கும். குறையைக் குரூப்பில் போடாதே, தனியாகச் சொல். அதுவும், குறை சொல்ல வேண்டிய பிள்ளையைப் பற்றி முதலில் ஒரு நல்ல செய்தி அனுப்பியிருக்க வேண்டும். "இன்று உங்கள் மகன் போர்டில் வந்து கணக்குப் போட்டான்" என்று ஒரு வரி. பள்ளியில் இருந்து செய்தி வந்தாலே புகார்தான் என்று பழகிய அம்மா, அடுத்த முறை நீ குறை சொன்னாலும் காது கொடுப்பார்.

7. "நீங்களும் போயிடுவீங்கதானே மிஸ்?"

இந்தக் கேள்வி வரும். வெளிநாட்டு டீச்சர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் போவதையும், சிலர் வருடத்தின் நடுவிலேயே பெட்டி கட்டுவதையும் அந்தப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் புது முகம், புது உச்சரிப்பு, புது விதிகள். புதிதாக வருகிறவரிடம் ஒட்டாமல் இருப்பது அவர்களுக்குத் தற்காப்பு.

"போகமாட்டேன்" என்று பொய் சொல்லாதே. "இந்த டெர்ம் முடியும்வரை இருப்பேன், இந்தப் பாடத்தை முடித்துவிடுவேன்" என்று உன்னால் காப்பாற்ற முடிந்ததை மட்டும் சொல். ஒரு நோட்டில் பிள்ளைவாரியாக எழுதி வை: இவனுக்குப் பின்னம் வராது, இவள் இங்கிலீஷில் கேட்டால் பேசமாட்டாள், எழுதுவாள். உனக்குப் பின்னால் வருகிறவர் மறுபடி பூஜ்யத்தில் இருந்து தொடங்கவேண்டாம்.

8. எல்லாவற்றையும் எழுத்தில் வை

பத்தாம் வகுப்பு முடிவில் எழுதும் கேம்பிரிட்ஜ் பரீட்சையின் ரிசல்ட் வரும்போது சி கிரேடும் அதற்கு மேலும்தான் எண்ணிக்கையில் வரும். எண்ணிக்கை குறைந்தால் முதலில் வெளிநாட்டு டீச்சரைத்தான் கேள்வி கேட்பார்கள். அதனால் யார் வேலை தரவில்லை, நீ என்ன செய்தாய், பெற்றோரிடம் எப்போது பேசினாய் என்று தேதி போட்டுக் குறித்துவை. மாதம் ஒருமுறை உன் பாடத்துக்குப் பொறுப்பான லீடிங் டீச்சரிடம் காட்டு. புகாராகக் காட்டாதே, "இந்த நாலு பேருக்கு என்ன செய்யலாம்?" என்று யோசனை கேள். பிரச்சினை உன் தலையில் மட்டும் இருக்காது. அவர் உள்ளூர்க்காரர் என்றால், உனக்குத் தெரியாத வீட்டு நிலவரம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

9. உன் மனசையும் பார்த்துக்கொள்

ஸ்டாஃப் ரூமில் தமிழும் மலையாளமும் பேசும் கூட்டம் ஒன்று கட்டாயம் இருக்கும். சமையல், ஊர்க்கதை, பணம் அனுப்பும் வழி எல்லாம் அங்கே கிடைக்கும், நல்ல துணை. ஆனால் "இந்தப் பசங்களுக்கு ஒண்ணும் ஏறாது" என்ற பல்லவியும் அங்கேதான் ஓடும். அது ஆரம்பித்தால் டீயை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடு. கேட்டுக்கொண்டே இருந்தால், அடுத்த பீரியடில் உன் முகத்திலேயே அது தெரியும். மொழி தெரியாத பிள்ளைகளும் முகத்தை நன்றாகப் படிப்பார்கள்.

எல்லாரையும் கரையேற்ற முடியாது. சிலர் கடைசிவரை நோட்டைத் திறக்கமாட்டார்கள். அதை உன் தோல்வியாக எடுத்துக்கொண்டு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. இ கிரேடில் கிடந்தவள் சி-க்கு வந்தால், அது ஏற்கெனவே ஏ வாங்குகிறவனை ஏ ஸ்டார் ஆக்குவதைவிடப் பெரிய வேலை.

10. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன்

பேப்பர் கைக்கு வந்ததும் ஊரில் கட்டும் வீடு, தங்கை கல்யாணம், பேங்க் லோன் எல்லாம் கண்முன்னே வரிசை கட்டும். அவையும் நியாயமான காரணங்கள்தான். அவற்றோடு இன்னொன்றையும் சோதித்துப் பார். வகுப்புப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் அந்தப் பிள்ளைக்கு நன்றாக வரும் ஒரு விஷயத்தை எழுது. பாடத்திலாவது, படகு ஓட்டுவதிலாவது, தம்பியைப் பார்த்துக்கொள்வதிலாவது. முக்கால்வாசிப் பெயருக்கு எழுத முடிந்தால் தைரியமாகக் கையெழுத்துப் போடு, அடுத்த வருடம் இதைவிடச் சுலபமாக இருக்கும். பெயரைப் பார்த்தாலே எரிச்சல் மட்டும் வருகிறது என்றால் திரும்பி வந்துவிடு. அதில் அவமானம் ஒன்றுமில்லை. வெறுப்போடு இன்னொரு வருடம் ஓட்டினால் உனக்கும் நஷ்டம், அந்தப் பிள்ளைகளுக்கும் நஷ்டம்.