இணையவழி உழைப்பும் இறைவரியும்

பதுளை, பண்டாரவளை, பசறை போன்ற எமது ஊர்களில், வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டவருக்கு வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு, கணக்குப் பதிவு செய்து டொலரில் உழைப்போர் இருக்கின்றனர். டுபாய், கட்டார் சென்று சுயமாகத் தொழில் செய்வோரும் உள்ளனர்.

தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தாயின் சம்பளத்தில் 8% ஊழியர் சேமலாப நிதிக்குக் கழிக்கப்படும். அதோடு நிர்வாகம் 12% சேர்க்க வேண்டும். அலுவலக ஊழியரின் வருமான வரியை முதலாளியே கழித்துக் கட்டிவிடுவார். ஆனால் சுயதொழில் செய்பவருக்கு முதலாளி இல்லை. சேமிப்பும் வரியும் அவரது சொந்தப் பொறுப்பு.

என் ராத்தா வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வடிவமைப்புச் செய்கிறார். ஒருநாள் வாப்பா, "மகள், இந்தச் சல்லிக்கு வரி ஒண்டும் இல்லையா?" என்று கேட்டார். "இல்ல வாப்பா, வெளிநாட்டுச் சல்லிக்கு வரி இல்ல" என்றார் ராத்தா. அவர் சொன்னது பழைய சட்டம். வங்கி வழியாக வந்த அத்தகைய வருமானத்துக்கு 2025 மார்ச் 31 வரை விலக்கு இருந்தது. ஏப்ரல் 1 முதல் அது வரிக்கு உட்பட்டது.

எவ்வளவு வரி?

தனிநபருக்கு வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா நிவாரணம் உண்டு. மாதம் 1,50,000 ரூபா உழைப்பவருக்கு வேறு வருமானம் இல்லையெனில் வரி இல்லை. அதற்கு மேல் வெளிநாட்டுச் சேவை வருமானத்தின் முதல் 10 இலட்சத்துக்கு 6%, மிகுதிக்கு 15%.

ஒருவர் வருடத்தில் 48 இலட்சம் உழைக்கிறார், தொழிலுக்கான செலவு 5 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். இலாபம் 43 இலட்சம். நிவாரணம் கழிந்தால் 25 இலட்சம். முதல் 10 இலட்சத்துக்கு 60,000, மிகுதி 15 இலட்சத்துக்கு 2,25,000, மொத்தம் 2,85,000 ரூபா.

பணம் வெளிநாட்டு நாணயத்தில் வங்கி ஊடாக வந்தால்தான் இந்தச் சலுகை. உண்டியல் வழியாக வந்தால் சாதாரண வீதங்களான 6, 18, 24, 30% பொருந்தி, அதே 25 இலட்சத்துக்கு 4,20,000 ரூபா ஆகும். ராத்தாவின் கொடுப்பனவில் ஒரு பகுதி உண்டியல் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியதும் அதை நிறுத்திவிட்டார்.

எப்போது?

வரி வருடம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. ஆகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆம் திகதிக்குள் காலாண்டுத் தவணைகள் கட்ட வேண்டும். வருமான விபரத்திரட்டை நவம்பர் 30க்குள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் பெற்றிருக்க வேண்டும்.

வெளிநாட்டில் வசித்தால்?

ஒரு வரி வருடத்தில் 183 நாட்கள் அல்லது அதற்கு மேல் இலங்கையில் இருந்தால் அவர் வதிவாளர். வதிவாளரின் உலகளாவிய வருமானத்துக்கு வரி உண்டு. வதிவாளர் அல்லாதவருக்கு இலங்கையில் எழும் வருமானத்துக்கு மட்டுமே வரி. டுபாயில் குடியிருப்பவர் பதுளையிலுள்ள வீட்டை வாடகைக்கு விட்டால் அந்த வாடகை இதில் அடங்கும். ஐக்கிய அரபு எமிரேட்ஸில் சம்பளத்துக்கு வரி இல்லை. ஆனால் சுயதொழிலின் வருடாந்த வருவாய் 10 இலட்சம் திர்ஹமைத் தாண்டினால் நிறுவன வரிக்குப் பதிய வேண்டும். இது 2023இல் வந்த சட்டம்.

சிலர் "ஸகாத் கொடுக்கிறோமே, வரி எதற்கு?" என்று கேட்பர். ஸகாத் இபாதத். நிஸாபை எட்டி ஒரு வருடம் பூர்த்தியான பணத்துக்கு 2.5%, அதற்குரியவர்களுக்குச் சேர வேண்டியது. வரி நாட்டோடு செய்த உடன்படிக்கை. ஒன்று மற்றதை ஈடுசெய்யாது.

ராத்தா இப்போது ஒரு சீஆர் கொப்பி வைத்திருக்கிறார். திகதி, வந்த டொலர், வங்கி தந்த ரூபா, இணையக் கட்டணம் என்று எல்லாவற்றையும் எழுதுகிறார். ஒவ்வொரு கொடுப்பனவிலும் ஒரு பங்கை வரிக்காகவும், ஒரு பங்கை தன் முதுமைக்காகவும் ஒதுக்குகிறார். சகோதரிகளே, நாளை நாமும் இப்படி உழைக்கக்கூடும். முதல் டொலர் வந்த நாளிலேயே கணக்கை ஆரம்பிப்போம்.