பரணிலிருந்து கூடத்துக்கு

கேள்வி: பாட்டி காலத்துப் பித்தளைக் குடம், உருளி, சரிகை நைந்த இரண்டு காஞ்சிபுரம் பட்டுப் புடவைகள், பத்தமடைப் பாய் ஆகியவை பரணில் கிடக்கின்றன. புதிதாக எதையும் வாங்காமல் இவற்றைக் கொண்டே வாடகை வீட்டின் கூடத்தைப் புதுப்பிக்க எங்கிருந்து தொடங்குவது? (வாசகி, கும்பகோணம்)

பதில்: பரணிலிருந்து எதையும் இறக்குவதற்கு முன்பு கூடத்தைக் காலி செய்வதே முதல் வேலை. சோபா, கட்டில் போன்ற கனமானவற்றை விட்டுவிட்டு, அலமாரித் தட்டுகளிலும் சுவர்களிலும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்துவிட்ட அனைத்தையும் ஒரு நாளைக்கு வேறு அறைக்கு மாற்றிவிட்டு, காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் வெயில் எந்தச் சன்னல் வழியாக நுழைந்து எந்தச் சுவரில் விழுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு பொருளுக்கான இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கண்ணுக்கு அழகா என்ற கேள்வியோடு, அந்தப் பொருளுக்கு எது கேடு என்ற கேள்வியும் சேர்ந்தே எழ வேண்டும். பித்தளையை வெயில் ஒன்றும் செய்யாது, ஈரம்தான் கறுக்க வைக்கும். பட்டுக்கு வெயிலே முதல் பகை. கோரைப்புல்லால் நெய்த பத்தமடைப் பாயோ மழைக்கால ஈரத்தில் பூசணம் பிடித்துவிடும். எனவே வெயில் விழும் மூலையைப் பித்தளைக்கும், வெயில் எட்டாத உட்சுவரைப் பட்டுக்கும், காற்றோட்டமுள்ள இடத்தைப் பாய்க்கும் ஒதுக்குவது நன்று.

இதற்கு அடுத்தபடி கவனிக்க வேண்டியது விளக்கு. ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்னும் அலகால் குறிப்பர். எண் குறைந்தால் ஒளி மஞ்சளாகவும், கூடினால் நீலம் கலந்த வெண்மையாகவும் தோன்றும். வீடுகளில் பரவலாக எரியும் வெள்ளை டியூப்லைட்டின் ஒளி 6500 கெல்வின் அளவில் இருப்பதால், பித்தளையின் பொன்னிறமும் மரத்தின் செம்மையும் அதன் கீழ் வெளிறிப் போகின்றன. படுக்கையறையிலோ பூசையறையிலோ 2700 கெல்வின் அளவுள்ள மஞ்சள் பல்பு ஏற்கெனவே இருந்தால், அதைக் கழற்றிக் கூடத்தின் ஓரத்தில், ஆள் உட்காரும் உயரத்தில் ஒரு மேசை விளக்கில் பொருத்திப் பார்க்கலாம். பொருள் எதுவும் இடம் மாறாத நிலையிலேயே அறை வேறாகிவிடுவதைக் கண்கூடாகக் காணலாம்.

கேள்வி: கறுத்துப் போன பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தால் போதுமா?

பதில்: போதும், ஆனால் அளவோடு. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். காற்றும் ஈரமும் பட்டு அதன் மேல் படியும் கறுப்பில் பெரும்பகுதி செம்பின் ஆக்சைடு. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் இந்தப் படலத்தைக் கரைத்துவிடுவதால்தான் தேய்த்த குடம் பளிச்சிடுகிறது. நன்றாகப் போகட்டும் என்று புளியை இரவு முழுவதும் பூசி ஊறவிட்டால், அமிலம் துத்தநாகத்தையும் கரைத்து வெளியேற்ற, பரப்பு ஆங்காங்கே இளஞ்சிவப்பாகத் திட்டுத்திட்டாகிவிடும். புளியோடு உப்பையும் சேர்த்துத் தேய்ப்பவர்கள், விளிம்பின் மடிப்பிலும் கைப்பிடியின் ஒட்டிலும் உப்பு தங்காதபடி பலமுறை கழுவ வேண்டும். தங்கிய உப்பே பின்னர் பச்சைக் களிம்பாக வெளிப்படும். கழுவியவுடன் துணியால் துடைத்து, சற்று நேரம் வெயிலில் வைத்து எடுப்பது இன்றியமையாதது.

பழைய பாத்திரங்களின் கழுத்திலோ விளிம்பிலோ சிறு புள்ளிகளாகக் கொத்திப் பொறிக்கப்பட்ட பெயர்கள் இருக்கும். சீராக வந்த பாத்திரம் என்றால், கொடுத்தவர் பெயரும் ஊரும் சில வேளைகளில் ஆண்டும் அங்கே காணப்படும். மணலும் கம்பி நாரும் கொண்டு அழுத்தித் தேய்க்கும்போது முதலில் மழுங்குவது இந்தப் புள்ளிகள்தாம். அந்த இடத்தில் மெல்லிய பருத்தித் துணியை மட்டும் பயன்படுத்தி, பள்ளங்களில் நிற்கும் கறுப்பை அப்படியே விட்டுவிட்டால் எழுத்து எடுப்பாகத் தெரியும். அந்தப் பக்கம் பார்வைக்கு வருமாறு குடத்தைத் திருப்பி வைத்தால், கடையில் வாங்கும் எந்த அலங்காரப் பொருளுக்கும் இல்லாத ஒரு சிறப்பு அந்த மூலைக்கு வந்துவிடும்.

கேள்வி: நைந்த பட்டுப் புடவையை வெட்டித் தலையணை உறை தைப்பது சரியா?

பதில்: உடல் உறுதியாக இருக்கும் புடவையை வெட்டுவது சரியன்று. புடவையை விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், நெடுங்காலம் ஒரே மடிப்பில் இருந்த இடங்களில் பட்டு கீறலாக விட்டிருக்கிறதா என்பது தெரியும். பல மடிப்புகளில் விட்டுப் போயிருந்தால் மட்டுமே வெட்டுவதைப் பற்றி நினைக்கலாம். அப்போதும் முந்தானையை வெட்டாமல் தனியே காப்பாற்ற வேண்டும். அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளித் தகட்டிழையைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. ஓயாமல் சாய்ந்து உராயும் தலையணையில் அந்த இழை பிரிந்து எழும்பிவிடும் என்பதால், உறைக்குச் சரிகையில்லாத உடற்பகுதியே ஏற்றது.

முந்தானையைச் சுவரில் தொங்கவிட விரும்பினால், அதன் பின்புறம் துவைத்த பருத்தித் துணி ஒன்றை வைத்து, சற்றே இடைவெளிவிட்ட தையலால் இணைத்து, எடை முழுவதையும் அந்தத் துணி தாங்குமாறு செய்ய வேண்டும். நேரடியாக ஆணியிலோ கிளிப்பிலோ மாட்டினால் அந்த ஒரு புள்ளியிலேயே பட்டு கிழியும். அருங்காட்சியகங்களில் பழந்துணிகளின் மேல் விழும் ஒளியை 50 லக்ஸ் அளவில் கட்டுப்படுத்துவது வழக்கம். லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மேல் விழும் ஒளியின் அளவு. நேர் வெயிலில் அது 50,000 லக்ஸையும் தாண்டும் என்பதை நினைத்தால், சன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டிய பட்டு எவ்வளவு விரைவில் வெளுக்கும் என்பது விளங்கும். இரண்டு புடவைகள் இருப்பதால் ஒன்றைப் பொங்கல் முதல் ஆடி வரையும் மற்றொன்றை எஞ்சிய மாதங்களிலும் மாட்டி, இறக்கியதை மடிப்பு மாற்றி வெள்ளைத் துணியில் சுற்றி வைப்பது பட்டுக்கும் ஓய்வு, கூடத்துக்கும் புதுமை.

கேள்வி: உருளியில் நீர் நிரப்பிப் பூ மிதக்கவிட்டால் கொசு வராதா?

பதில்: கவனம் இல்லையெனில் கட்டாயம் வரும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய தெளிந்த நீரையே நாடுகிறது. முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரமே போதும். அது முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்ட வைக்கிறது. நீரைக் கொட்டினாலும் அவை மாதக்கணக்கில் உலர்ந்த நிலையில் உயிரோடிருந்து, மீண்டும் நீர் பட்டவுடன் பொரிக்கும். ஆகவே நாள்தோறும் நீரை மாற்றுவதோடு, வாரம் இருமுறையாவது உட்சுவரைத் தேங்காய் நாரால் சுற்றித் தேய்த்துக் கழுவ வேண்டும். இதற்கு நேரமில்லாத வீட்டில், உருளியில் நீருக்குப் பதிலாகக் கூழாங்கற்களோ பல்லாங்குழிச் சோழிகளோ நிரப்புவதே பொறுப்பான செயல்.

கேள்வி: வாடகை வீட்டில் ஆணி அடிக்க முடியாது. குடும்பப் புகைப்படங்களை என்ன செய்வது?

பதில்: அலமாரித் தட்டின் மேல் பெரியதைப் பின்னும் சிறியதை முன்னுமாகச் சுவரில் சாய்த்து வைக்கலாம். ஏற்கெனவே ஆணி இருக்கும் சுவரானால், படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 செ.மீ. உயரத்தில் இருப்பது நிற்பவர் கண்ணுக்கு இணக்கம். பாயில் அமர்ந்து பேசும் கூடத்தில் கயிற்றை நீட்டி இன்னும் ஒரு முழம் இறக்கிக்கொள்ளலாம்.