இடுக்கியில் ஆள் ஏன் குறைந்தது?

கேள்வி: விடிவதற்கு முன்பே எங்கள் தெருவிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்புகள் மலையேறிவிடுகின்றன. இடுக்கி அவ்வளவு பெரிய மாவட்டம், வேலைக்கும் பஞ்சமில்லை. அங்கே மக்கள்தொகை குறைந்தது என்று படித்தேன். ஏன்?
– வாசகி, கம்பம்

பதில்: நீங்கள் படித்தது சரிதான். 2001 கணக்கெடுப்பில் இடுக்கியில் 11,29,221 பேர்; 2011-ல் 11,08,974 பேர். அந்தப் பத்தாண்டில் கேரளத்தில் மக்கள்தொகை குறைந்தவை இடுக்கி, பத்தனம்திட்டா என்ற இரண்டு மாவட்டங்கள் மட்டுமே. 2011-ல் சதுர கிலோமீட்டருக்குக் கேரளத்தின் சராசரி 860 பேர் என்றால், இடுக்கியில் 255தான்.

இந்த 255-ஐ அப்படியே நம்பிவிடக் கூடாது. மாவட்டத்தில் பாதிக்கும் மேல் காடு. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி, இரவிகுளம், பெரியாறு புலிகள் காப்பகம் எல்லாம் இங்கேதான். பெரியாற்றின் குறுக்கே கட்டிய இடுக்கி வளைவு அணையின் நீர்த்தேக்கம் பள்ளத்தாக்குகளை நிரப்பி நிற்கிறது. மூணாறு, பீர்மேடு பக்கம் மைல் கணக்கில் தேயிலை. இவை போக மிஞ்சும் சரிவுகளில்தான் ஜனங்கள் நெருக்கியடித்து வாழ்கிறார்கள்.  காட்டுக்குள்ளும் ஆள் உண்டு: முதுவர்கள் வாழும் இடமலக்குடி 2010-ல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி ஆனது. அதன் குடிகளோ காட்டுக்குள் சிதறிக் கிடக்கின்றன.

முதுவர், மன்னான், ஊராளி போன்ற பழங்குடிகளுக்குப் பிறகு வந்தவர்களில் பலர் தேயிலைக்காக மலையேறிய தமிழர்கள். 1940-களின் உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்திலிருந்து கோட்டயம், பாலா பக்கத்து விவசாயிகளும் குடியேறினார்கள். ஆக, இந்த மாவட்டம் ஆள் வந்து வளர்ந்தது. வரத்து நின்றதும் வளர்ச்சியும் நின்றது.

குறைந்ததற்குக் காரணம் ஒன்றல்ல. கேரளம் முழுக்கவே பிறப்பு குறைந்துவிட்டது. படித்த பிள்ளைகள் நகரங்களுக்கும் வெளிநாட்டுக்கும் போகிறார்கள். 2000-ஐ ஒட்டித் தேயிலை விலை சரிந்தபோது பீர்மேட்டில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. இவற்றோடு லயத்தையும், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளையும், சேர்க்க வேண்டும். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரைதான் குடியிருப்பு. ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவர், ஓய்வு பெற்றதும் சொந்த மனை இல்லாமல் தமிழ்நாட்டு உறவினர் ஊரைத் தேடிப் போக நேர்கிறது.

அப்படியானால் ஏலக்காயை யார் பறிப்பது? ஏலச்செடியில் காய் மேலே தொங்காது. தூரிலிருந்து தரையோடு ஓடும் சரத்தில்தான் பிடிக்கும். குனிந்து, பழுத்ததை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் பழுக்காது என்பதால் சில வாரங்களுக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்ப வேண்டும். இயந்திரம் செய்ய முடியாத அந்த வேலைக்குத்தான் கம்பமெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக உங்கள் பக்கத்துப் பெண்கள் போகிறார்கள். கணக்கெடுப்போ ஆளைக் குடியிருக்கும் ஊரில்தான் எண்ணும். பகலெல்லாம் இடுக்கியில் உழைப்பவர் ஏட்டில் தேனி மாவட்டத்துக்காரர்.

அதனால் 255 என்ற எண்ணை வைத்து இடுக்கிக்கு ஆஸ்பத்திரியும் சாலையும் திட்டமிட்டால் போதாது. தோட்டத்தில் பாம்பு கடித்தாலும், கொண்டை ஊசி வளைவில் ஜீப் கவிழ்ந்தாலும் முதல் சிகிச்சை அந்த மலையில்தான் கிடைக்க வேண்டும். தினமும் மலையேறும் தொழிலாளர்களை இரண்டு மாநிலங்களும் சேர்ந்து தனியாக எண்ணிப் பதிவுசெய்ய வேண்டும். அவர்களின் பயணப் பாதுகாப்புக்கும் மருத்துவத்துக்கும் அதுவே முதல் படி.