ஓய்வும் கல்வியும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மிருக வைத்தியர் ஒருவர் பட்டத்தோடு படிப்பை நிறுத்திவிட முடியாது. இரண்டு வருடங்களுக்கொருமுறை அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிப்பதற்கு 36 மணித்தியாலத் தொடர்கல்வி பெற்றிருக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். இதற்கெனச் சிலர் ஹவாய்த் தீவுகளுக்கோ கொலராடோவின் பனிமலைகளுக்கோ குடும்பத்துடன் செல்கின்றனர். காலையில் வகுப்பு; மாலையில் கடலும் மலையும்.

இது வெறும் உல்லாசமன்று. நோய்கள் மாறுகின்றன. மந்தைகளையே அழித்துவந்த மாட்டுக் கொள்ளைநோய் உலகிலிருந்து ஒழிந்ததாக 2011இல் அறிவிக்கப்பட்டது. 2020இலோ, உடலெங்கும் கட்டிகள் தோன்றும் புதிய தோல்நோய் எமது வடபகுதி மாடுகளைத் தாக்கியது. பழைய படிப்பு மட்டும் போதுமா?

இடம்பெயர்ந்த எமக்கு எஞ்சிய ஒரு பசுவே பிள்ளைகளின் பால். அதுவே பாடசாலைச் செலவு. அதை இழக்க எம்மால் இயலாது. ஆகவே நாமும் கற்போம். அதற்கு ஹவாய் வேண்டாம். ஆலய முற்றத்து வேப்பமர நிழல் போதும். மாதத்தில் ஒரு ஞாயிறு, திருப்பலியின் பின் மிருக வைத்தியரை அழைத்துக் கேட்போம். மாடு பராமரிக்கும் பெண்கள் முன்வரிசையில் அமரட்டும். பின்னர் கூட்டாகச் சமைத்து உண்போம்.

களைத்த சீடரை ஓய்வுக்கு அழைத்துச் சென்ற ஆண்டவர், அங்கு திரண்ட மக்களுக்குப் போதிக்கவும் செய்தாரன்றோ?

கலந்துரையாடுவோம்:
1. அத்தோல்நோயைக் கடிக்கும் ஈக்களும் நுளம்புகளும் பரப்புகின்றன. எமது தொழுவத்தில் அவற்றை எவ்வாறு குறைக்கலாம்?
2. நோயுற்ற மாட்டைப் பிரித்துக் கட்ட எம்மிடம் இடமுண்டா?
3. முதற் கூட்டத்தை எப்போது வைப்போம்?