எண்ணெய்ச் சட்டி இல்லாமல் ஆப்பிள் ஃப்ரிட்டர்

அன்புள்ள யாழினிக்கு,

செயின்ட் ஜேக்கப்ஸ் சந்தையில் சாப்பிட்ட ஆப்பிள் ஃப்ரிட்டரை எண்ணெயில் பொரிக்காமல் ஓவனில் வைத்தால் வருமா என்று கேட்டிருந்தாய். வரும். ஆனால் சந்தையில் சாப்பிட்டது அப்படியே வராது. வேறொரு பண்டம் வரும், அதுவும் சூடாகத் தின்ன மிக நன்றாக இருக்கும். பொரித்ததன் நகலை எதிர்பார்த்து ஓவன் முன்னால் உட்காருகிறவர்கள் முதல் தட்டிலேயே மனம் விட்டுப்போய் மறுபடியும் எண்ணெய்ச் சட்டியைத் தேடுகிறார்கள். அத்தை இவ்வளவு நீளமாக எழுதுவது அதைத் தடுக்கத்தான்.

ஒன்டாரியோவில் ஃப்ரிட்டர் என்ற ஒரே பெயரில் இரண்டு பண்டங்கள் உலவுகின்றன. செயின்ட் ஜேக்கப்ஸில் கிடைப்பது ஆப்பிளை நடுவில் துளையிட்டு வளையமாக நறுக்கி, நீர்த்த மாவில் தோய்த்துப் பொரித்து, பட்டைத்தூள் கலந்த சர்க்கரையில் புரட்டியது. டோனட் கடைகளில் இருப்பது வேறு. புளிக்க வைத்த மாவையும் ஆப்பிள் துண்டுகளையும் சேர்த்துக் கொத்தி, கரடுமுரடாக உருட்டிப் பொரித்து, மேலே சர்க்கரைப் பாகு பூசியது. 1964இல் ஹாக்கி வீரர் டிம் ஹார்ட்டனின் பெயரில் ஹாமில்டன் நகரில் முதல் கடை திறந்தபோது, அந்தக் கடைக்கென்றே உருவான டோனட் வகைகள் இரண்டு. அவற்றில் ஒன்று இந்த ஆப்பிள் ஃப்ரிட்டர்.

பண்டம் என்னவோ அதைவிடப் பழையது. இங்கிலாந்தின் இரண்டாம் ரிச்சர்ட் மன்னருடைய சமையற்காரர்கள் 1390 வாக்கில் தொகுத்த 'ஃபார்ம் ஆஃப் க்யூரி' என்ற குறிப்புத் தொகுப்பிலேயே ஆப்பிள் ஃப்ரிட்டர் இருக்கிறது. மாவும் முட்டையும் ஏல் என்ற பார்லி மதுவும் ஈஸ்ட்டும் குங்குமப்பூவும் சேர்த்துக் கரைத்து, ஆப்பிளைத் தோய்த்து, எண்ணெயிலோ கொழுப்பிலோ பொரித்து, பாதாம் பாலோடு பரிமாறியிருக்கிறார்கள். அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக எண்ணெயை நம்பியே வளர்ந்த பண்டம் இது. ஓவனுக்கு மாற்றும்போது எண்ணெய் அங்கே என்ன வேலை செய்தது என்று தெரிந்துகொள்வது நல்லது.

இருநூறு டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும் ஓவனுக்குள் ஒரு விநாடி கையை நீட்டி எடுத்துவிடலாம். நூற்றெண்பது டிகிரி எண்ணெயில் விரல் நுனி பட்டாலே கொப்புளம்தான். காற்று சூட்டை மெதுவாகக் கடத்துகிறது, எண்ணெய் வேகமாகக் கடத்துகிறது. எண்ணெயில் விழுந்த மாவின் மேற்பரப்பில் இருக்கும் நீர் அந்தக் கணமே ஆவியாகிச் சலசலவென்று வெளியேறும். நீர் போன இடம் காய்ந்து மொறுமொறுப்பாகி, சுமார் 140 டிகிரிக்கு மேல் மாவின் புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து பொன்னிறமாகும். இந்த வினையை 1912இல் விளக்கிய பிரெஞ்சு அறிவியலாளர் மயார் பெயரால்தான் இன்றும் அதைக் குறிப்பிடுகிறார்கள். ஓவனில் இதெல்லாம் நடக்கும், ஆனால் நிதானமாக. மேல்தோல் காய்ந்து சிவப்பதற்குள் உள்ளே இருக்கும் ஈரமும் போய்விடும் என்பதுதான் சிக்கல்.

உளுந்து வடை மாவைத் தட்டி ஓவனில் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார், பாதி புரிந்துவிடும். பொரிப்பதற்கென்று கரைத்த தளர்ந்த மாவை எண்ணெய்தான் சுற்றிலும் பிடித்து உருவம் கொடுக்கிறது. தட்டில் ஊற்றினால் அது தோசை போலப் பரவித் தடித்து, ரப்பராகிவிடும். அதனால் வளைய ஃப்ரிட்டரை ஓவனில் முயல வேண்டாம். டோனட் கடை ஃப்ரிட்டரின் கரடுமுரடான உருவமே ஓவனுக்குப் பொருந்தும். மாவு கரண்டியில் அள்ளினால் நிற்க வேண்டும், தட்டினால்தான் விழ வேண்டும்.

இனி ஆப்பிள். ஆப்பிளின் எடையில் ஏறத்தாழ 85 சதவீதம் தண்ணீர். பொரிக்கும்போது அந்த நீரை எண்ணெயின் சூடு விரட்டிவிடும். ஓவனில் அது மாவுக்குள்ளேயே தங்கி, ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் வேகாத பசை வளையம் ஒன்றை உண்டாக்கும். வீட்டில் ஓவனில் செய்த ஃப்ரிட்டர் 'உள்ளே வேகவே இல்லை' என்று பலர் குறைப்படுவது பெரும்பாலும் இதைத்தான். மாவு வெந்திருக்கும், ஆப்பிளை ஒட்டிய இடம் மட்டும் ஈரத்தில் கிடக்கும். மருந்து எளிது. சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கிய துண்டுகளை ஒரு தேக்கரண்டி வெண்ணெயில் ஐந்தாறு நிமிடம் வதக்கி, வாணலியில் நீர் வற்றி ஓரங்கள் லேசாகச் சிவந்ததும் இறக்கி, முழுக்க ஆறவிட வேண்டும். சூடாகக் கொட்டினால் மாவிலுள்ள வெண்ணெய் உருகிப்போகும். வதக்கும்போது சர்க்கரை போடாதே, அது இன்னும் நீரை இழுத்து வெளியே விடும்.

எந்த ஆப்பிள் என்பதும் முக்கியம். மெக்கின்டாஷ் இந்த மண்ணின் பிள்ளை. 1811இல் ஒன்டாரியோவின் டன்டெலாவில் ஜான் மெக்கின்டாஷ் என்ற விவசாயி தன் நிலத்தில் கண்டெடுத்த கன்றுகளிலிருந்து வந்த வகை. கடித்துத் தின்னவும் கூழாகக் காய்ச்சவும் அதற்கு ஈடில்லை, ஆனால் சூடு பட்டதும் குழைந்துவிடும். ஃப்ரிட்டருக்குப் புளிப்பும் உறுதியும் வேண்டும். எந்த மாதமும் கடையில் கிடைக்கிற கிரானி ஸ்மித் போதும். இலையுதிர்காலத்தில் சந்தையில் நார்தர்ன் ஸ்பை கண்ணில் பட்டால் விடாதே. ஒன்டாரியோ வீடுகளில் ஆப்பிள் பைக்கு அதைத்தான் தேடி வாங்குவார்கள்.

அளவு எழுதிக்கொள். ஆல் பர்ப்பஸ் மாவு 250 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டரை டீஸ்பூன், சர்க்கரை 60 கிராம், உப்பு அரை டீஸ்பூன். இவற்றோடு குளிர்ந்த வெண்ணெய் 60 கிராமை விரல் நுனியால் ரவை பதத்துக்குப் பிசிறி, ஆறிய ஆப்பிளைப் போட்டுக் கிளறு. இரண்டு நடுத்தர ஆப்பிள் சரியாக இருக்கும். ஒரு முட்டையையும் 120 மில்லி பாலையும் அடித்து ஊற்றி, உலர்ந்த மாவு தெரியாத அளவுக்கு மட்டும் கலக்கு. அடித்துக் கலந்தால் குளுட்டன் இறுகிப் பண்டம் ரொட்டிபோல் ஆகிவிடும். கட்டியும் முட்டியுமாக இருப்பதே அழகு. அந்த முட்டுகள்தான் ஓவனில் முதலில் சிவந்து மொறுமொறுக்கும்.

மாவு கலப்பதற்கு முன்பே ஓவனை 425 ஃபாரன்ஹீட்டுக்கு வைத்து, வெறும் உலோகத் தட்டையும் உள்ளே வைத்துவிடு. பேக்கிங் பவுடரின் முதல் வேலை ஈரம் பட்டவுடனே தொடங்கிவிடும் என்பதால் கலந்த மாவைக் காக்கவைக்கக் கூடாது. தட்டு நன்றாகக் காய்ந்ததும் எடுத்து இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயைப் பரவலாகத் தடவி, மாவைக் கரண்டி கரண்டியாகப் போடு. 'சொர்' என்று சத்தம் வர வேண்டும். அந்தச் சத்தம் வந்தால் அடிப்பக்கம் பொரித்ததற்குப் பக்கத்தில் வந்து நிற்கும், வராவிட்டால் தட்டு போதிய சூடு இல்லை. மேலே உருகிய வெண்ணெயைத் தொட்டுத் தடவி 15 முதல் 18 நிமிடம் விடு. வாடகை வீட்டு ஓவன்களின் திருகு சொல்லும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பதில்லை. ஓவன் வெப்பமானி ஒன்று வாங்கித் தொங்கவிட்டால் கேக், பிஸ்கட் எல்லாவற்றுக்கும் உதவும்.

வெளியே எடுத்ததும் வெண்ணெய் தொட்டு, பட்டைத்தூள் கலந்த சர்க்கரையில் புரட்டு. இங்கே சூப்பர்மார்க்கெட்டில் பட்டை என்று விற்பது பெரும்பாலும் கேசியா, காரம் கூடியது. ஸ்கார்பரோ தமிழ்க் கடைகளில் இலங்கைப் பட்டை கிடைக்கும். தாள் தாளாகச் சுருண்டிருக்கும், கையால் நொறுக்கலாம். அதன் மென்மையான மணம் ஆப்பிளை அமுக்காது.

ஓவனில் செய்ததால் இது உடம்புக்கு நல்லது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதே. எண்ணெய் குறைகிறது, உண்மைதான். பொரித்த பண்டத்தை வெளியே எடுத்த பிறகு மேலோட்டில் இருக்கும் ஆவி குளிர்ந்து ஒடுங்கும்போதுதான் எண்ணெயில் பெரும்பகுதி உள்ளே உறிஞ்சப்படுகிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் என்றால் சுமார் 120 கலோரி. அது மிச்சம். ஆனால் மாவும் சர்க்கரையும் வெண்ணெயும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இதை இனிப்பு என்று ஒப்புக்கொண்டு ஒன்று இரண்டு தின்றால் போதும்.

அத்தை ஓவன் பக்கம் நிற்பதற்கு உடம்பைவிடப் பெரிய காரணம் உன் சமையலறை. நான்கு பிள்ளைகள் சேர்ந்து புழங்கும் அடுக்களை, பரீட்சைக் காலத்துத் தூக்கக்கலக்கம், நடுவில் அடிக்கும் போன். வட அமெரிக்காவில் வீட்டுத் தீவிபத்துகளுக்கு முதல் காரணம் சமையல், அதிலும் ஆளில்லாமல் விட்டுப்போன அடுப்பு. ஒரு லிட்டர் எண்ணெயைக் காயவைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போகிற தவறு யாருக்கும் நேரலாம். என்றைக்காவது சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் மட்டும் ஊற்றாதே, எண்ணெய் தெறித்துத் தீ மேலெழும்பும். அடுப்பை அணைத்து, உலோக மூடியால் மூடி, சட்டியை நகர்த்தாமல் விடு. அடங்காவிட்டால் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியேறி 911ஐ அழை. பொரித்து முடித்த எண்ணெயைத் தொட்டியில் கொட்டுவதும் கூடாது, குளிர்ந்து உறைந்து குழாயை அடைத்துவிடும்.

பொரித்ததே வேண்டும் என்று நாக்கு கேட்கிற நாளில் சந்தைக்குப் போ. வியாழனும் சனியும் திறந்திருக்கும். பெரிய சட்டியும் பழகிய கையும் அங்கே இருக்கின்றன, எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டிலேயே வாங்கித் தின்னலாம்.

இந்த அளவுக்குப் பத்துப் பன்னிரண்டு வரும். அன்றைக்குத் தின்ன வேண்டியதை மட்டும் சுட்டுக்கொள். மீதி மாவைக் கரண்டியளவு உருண்டைகளாகத் தட்டில் வைத்து ஃப்ரீசரில் உறையவிட்டு, பிறகு பையில் போட்டு வை. வேண்டும்போது உறைந்தபடியே ஓவனில் வைத்தால் நான்கைந்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். சுட்டு மிஞ்சியதை மைக்ரோவேவில் வைத்தால் தொளதொளத்துவிடும், 350 ஃபாரன்ஹீட்டில் ஆறேழு நிமிடம் ஓவனிலேயே சூடாக்கு. சர்க்கரையில் புரட்டுவதை அதற்கப்புறம் வைத்துக்கொள்.

அன்புடன்,
அத்தை